உள்ளே ஏழு பேர்

திருச்செங்கோட்டுக்கு நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை பூங்கொடியின் தெருமுனை வரைக்கும் போய், அங்கிருந்த கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். டீக்கடைக்காரர் "யாரு வூட்டுக்குங்க?" என்று கேட்டார். "யார் வீட்டுக்கும் இல்லை" என்றேன். கழுத்தில் 'ஜெசிந்தா, மொழிப் பொறியாளர்' என்று பேர் போட்ட அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சட்டென்று சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன்.

பூங்கொடியின் கணவர் செங்கோட்டுவேல், இமயமலையில் ஷிங்ரா கணவாயில், பனிச்சரிவில் புதைந்து இறந்துபோனார். 'வாசலில் சொல்லாமல் வெளியே போனதால் நேர்ந்த விபத்து' என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. அது பொய். அந்தப் பொய்யை நான் எழுதவில்லை. எழுதியபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஷிங்ரா சாலை வருடத்தில் ஐந்து மாதம் பனியில் மூடிக்கிடக்கும். அதைக் குளிர்காலத்திலும் திறந்துவைக்க, மலைச்சரிவில் இரும்புத் தடுப்புகள் நட வேண்டியிருந்தது. அதற்குப் பாறையில் ஆழத் துளை போட வேண்டும். துளை போடுவதென்றால் இந்தியாவின் எந்த மூலையாக இருந்தாலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நிற்கும். ஷிங்ராவுக்கும் வந்தது. கூடவே ஏழு பேர். மேனேஜர் குப்புராஜ், டிரில்லர் செங்கோட்டுவேல், சமையலுக்கு மாரப்பன், கூடமாட வேலைக்கு இன்னும் நாலு பேர். தங்குவதற்குப் பாறைக்கு அடியில் ஒரு கான்கிரீட் கூடம். அதற்குள் இருந்தால் மலையே இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. வெளியே வேலை நடக்கும் இடம் முழுக்கச் சரிவின் பாதையில்தான்.

பனிப் பாதுகாப்பு அதிகாரி அங்மோ, லடாக்கைச் சேர்ந்த பெண். முதல் வாரமே, கருவி வேலையாக வந்திருந்த என்னையும் சேர்த்து எல்லோரையும் ஒரு சரிவுக்குக் கூட்டிப்போய், மண்வெட்டியால் பனியை இடுப்பளவு ஆழத்துக்கு நெட்டாக வெட்டி, வெட்டிய சுவரைக் காட்டினார். அவர் இந்தியில் பேசப் பேச, பத்து வருஷம் ராஜஸ்தானில் ரிக் ஓட்டிய செங்கோட்டுவேல் தமிழில் சொன்னார்.

"ஒவ்வொருக்கா பனி பெய்யறப்பவும் ஒரு அடுக்காமுங்க. நம்ம பாறையாட்டமேதான். ஆனா அடியில பாருங்க." சுவரின் அடிப்பக்கம் விரலை விட்டார். பொலபொலவென்று உதிர்ந்தது. "ரவையாட்டம் இருக்குது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. இதுக்கு மேல காத்து வந்து பனியைப் பலகையாட்டம் அடுக்கி வெச்சிருக்குது. மேல கெட்டி, அடியில ரவை. ஒருத்தன் போயி மேல காலை வெச்சாப் போதுமுங்க. மொத்தப் பலகையும் ஒடஞ்சு கீழ வந்துருமாம். செத்தவங்கள்ல முக்காவாசிப் பேரு அவங்களே காலை வெச்சு எறக்கிவிட்டதுதானாம்."

"எவ்வளவு வேகமா வரும்?" என்று கேட்டேன்.

"ஹைவேல போற காராட்டமுங்க. ஓடித் தப்பிக்கறது ஆகாத காரியம். ரொம்பச் செங்குத்தான மலையில பனி தங்காது, மட்டமான எடத்துல நகராது. மாடிப்படி அளவு சரிவு இருக்குதே, அதுதான் ஆளைக் கொல்லுமாம்."

சரிவைக் கடக்கும்போது கும்பலாகப் போகக் கூடாது, ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும். புதைந்த ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் தேடுகருவியை நெஞ்சில் கட்டாமல் வெளியே போகக் கூடாது. சிக்கிக்கொண்டால் நீச்சலடிப்பது போலக் கை காலை அடித்து மேலே வரப் பார்க்க வேண்டும். பனி நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் கையை வாய்க்கு முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும்.

"நின்னதும் சிமெண்ட்டாட்டம் எறுகிப்போயிருமுங்க. அப்பறம் வெரலைக்கூட அசைக்க முடியாது. கை வெச்சிருக்கற எடம்தான் மூச்சு விடற எடம். கால் மணி நேரத்துக்குள்ள தோண்டி எடுத்துட்டாப் பொழைக்கலாம்."

"அதுக்கு மேல?" என்றார் மாரப்பன்.

செங்கோட்டுவேல் இதை அங்மோவிடம் கேட்கவே இல்லை. "அதுக்கு மேல நீ சோறாக்க வேண்டியதில்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் மட்டும் தனியாக நின்று, கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோவதை நாலைந்து தடவை செய்து பார்த்தார். மற்றவர்கள் பல்வலிக்காரன் என்று கிண்டல் செய்தார்கள்.

பெரிய சரிவு வராமல் இருக்க ஒரு வழி, சின்னச் சின்னதாக நாமே இறக்கிவிட்டுக்கொண்டே இருப்பது. அதற்காக மலை உச்சியில் ஒரு வாயுக் கோபுரம் இருந்தது. அது வெடித்தால் அந்த அதிர்வில் பனி இறங்கும். முன்பெல்லாம் அங்மோ கண்ணால் பார்த்து, ஆட்களைத் தலையெண்ணி, பட்டனை அழுத்துவார். இப்போது பனிக்குள் புதைத்த கண்ணாடி இழைகள், அடுக்குகள் விரிசல் விடும் சத்தத்தைக் கேட்டுக் கணினிக்குச் சொல்லும். எப்போது வெடிப்பது என்று கணினியே முடிவெடுக்கும். ஒரே நிபந்தனை, ஏழு பேரும் கூடத்துக்குள் இருக்க வேண்டும். அதை எண்ணுவதற்கு நான் செய்த கருவிக்கு 'வாசல்' என்று பேர்.

அடையாள அட்டை முயன்று பார்த்தாயிற்று. குளிரில் ஒருவர் கோட்டை இன்னொருவர் மாட்டிக்கொண்டு போனார், அட்டையும் கூடவே போயிற்று. கேமராவுக்கு ஏழு பேரும் ஒரே மாதிரி ஆரஞ்சுப் பொட்டலம். குரலை மட்டும் யாரும் மாற்றி மாட்டிக்கொள்ள முடியாது. வாசலில் நின்று ஒருவர் பேசினால், குரலை வைத்து யார் என்றும், வார்த்தையை வைத்து எந்தப் பக்கம் என்றும் கருவி தெரிந்துகொள்ளும். 'இன்', 'அவுட்' என்று இரண்டே வார்த்தை போதும் என்றார்கள் மேலே உள்ளவர்கள். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "மெஷினுக்காக மனுஷன் பேச்சை மாத்தக் கூடாது, மனுஷன் பேசுறத மெஷின் படிக்கட்டும்" என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கினேன். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போது காது கூசுகிறது.

ஏழு பேரையும் ஒரு அறையில் மைக் முன்னால் உட்காரவைத்துப் பதிவு செய்தேன். "வெளியே போகும்போது என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, "வெளியே போறேன்" என்றார்கள். "உள்ளே வரும்போது?" "வர்றேன். வந்துட்டேன்." ஒரே மத்தியானத்தில் பட்டியல் தயார். கடைசியில் 'போ' வந்தால் வெளியே, 'வா' வந்தால் உள்ளே. இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முறைப்படி வேலைக்குக் கிளம்பும்போது குப்புராஜ் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் 'வெளியே போறேன்' என்று சொல்லவைப்பார். அதில் ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து செங்கோட்டுவேல் என்னிடம் வந்தார்.

"அம்மணி, உங்க கதவு மாமியாராட்டம் மொணங்கிக்கிட்டே இருக்குதுங்க. ஒண்ணுக்குப் போறதுக்குக் கிளம்பினாக்கூட 'ஏற்கெனவே உள்ளே இருக்கிறார், ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்'ங்குது. தூங்க முடியல. அத வாய மூடச் சொல்லுங்க."

ஒருவர் உள்ளே இருக்கும்போதே மறுபடி 'உள்ளே' என்று பதிவானால் வரும் எச்சரிக்கை அது. ஏன் வருகிறது என்று பதிவைப் போட்டுக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. "கதவுக்கிட்ட நின்னு அரட்டை அடிக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே எச்சரிக்கையை நிறுத்திவைத்தேன். அவர் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

முதல் மூன்று வெடிப்புகளுக்கும் அங்மோ ஜன்னலில் நின்று தலையெண்ணி ஒப்புதல் கொடுத்தார். மூன்றும் சரியாக நடந்ததால் அவரை வேறு கணவாய்க்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது என்னிடம், "நான் தலையை எண்ணுவேன். உங்கள் கதவு வார்த்தையை எண்ணுகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை" என்றார். வேலை போன கோபத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி பதினெட்டு. இரண்டு நாள் காற்றும் பனியும் அடித்து ஓய்ந்து, வெயில் வந்திருந்தது. அன்று வேலை கிடையாது, எல்லோரும் கூடத்துக்குள். நான் இருபது கிலோமீட்டர் கீழே, கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று நாற்பதுக்குத் திரையில் பச்சை எழுத்து வந்தது. 'உள்ளே: 7. வெளியே: 0.' அரை நிமிடம் சங்கு ஊதியது. கோபுரம் வெடித்தது. மலையின் தோள்பட்டையில் ஒரு கோடு விழுந்து, அதற்குக் கீழே இருந்ததெல்லாம் புகைபோலப் பொங்கிக்கொண்டு இறங்கியது. மனிதக் கை படாமல் நடந்த முதல் வெடிப்பு. அறையில் இருந்த எல்லோரும் எழுந்து கைதட்டினோம். நானும் தட்டினேன்.

மூன்று நிமிடம் கழித்து குப்புராஜ் கூப்பிட்டார்.

"மேடம், செங்கோட்டுவேல் உங்க திரையில எங்கீங்க இருக்கறான்?"

"உள்ளே இருக்கார்."

"உள்ள இல்லீங்க மேடம்."

குளிரில் டீசல் உறையாமல் இருக்க ரிக் வண்டியைத் தினமும் பத்து நிமிடம் ஓட்டிவைக்க வேண்டும். அதற்காகப் போயிருந்தார். விதிப்படி அது தப்பே இல்லை. ஒருவர் வெளியே இருந்தால் கோபுரம் வெடிக்காது என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தோம், அவரும் அதை நம்பினார். கம்ப்ரசர் ஓடிய சத்தத்தில் சங்கு காதில் விழுந்திருக்காது.

ஆறு பேரும் தேடுகருவியோடு ஓடினார்கள். நீளக் கம்பிகளைக் குத்திக் குத்திப் பார்த்து, ஓர் ஆள் ஆழத்தில் கண்டுபிடித்து, தோண்டி எடுக்க இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. வலது கை வாய்க்கு முன்னால் இருந்தது. அங்மோ சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்திருந்தார். தப்பு செய்யாதவர் அவர் ஒருத்தர்தான்.

அன்று சாயங்காலம் வாசலின் பதிவைத் தனியாக உட்கார்ந்து கேட்டேன். தட்டு வைக்கும் சத்தம். மாரப்பன் குரல், "ரசம் ஆறிப்போயிரும்டா." பிறகு செங்கோட்டுவேல், சிரித்த குரலில், "சித்தெ இருங்க, வண்டிய ஓட்டிப் பாத்துட்டு வர்றனுங்." கதவு திறக்கும் சத்தம். காற்று.

கீழே கருவியின் குறிப்பு ஓடியது. 'செங்கோட்டுவேல். உள்ளே வருகிறார். ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். எச்சரிக்கை நிறுத்தப்பட்டுள்ளது.'

சின்ன வயதில் "ஸ்கூலுக்குப் போறேன்" என்று கத்திவிட்டு ஓடிய என்னைத் தூத்துக்குடித் தெருவில் துரத்திப் பிடித்து அம்மா தலையில் குட்டியிருக்கிறாள். "போறேன்னு சொல்லாதட்டீ. போயிட்டு வாரேன்னு சொல்லு." இன்றுவரை எந்த வீட்டிலிருந்தும் நான் 'போறேன்' என்று சொல்லிக் கிளம்பியதில்லை. தமிழ் பேசுகிற யாரும் அப்படிக் கிளம்ப மாட்டார்கள். ஆனால் அந்தப் பதிவு அறையில் விடைபெறுவதற்கு எதிரே யாரும் இல்லை. அதனால்தான் 'வெளியே போறேன்' என்றார்கள். பழகிய மனிதர்களைப் பார்த்துக் கிளம்பும்போது வாயில் என்ன வரும் என்பது, மொழி படித்த எனக்குத் தோன்றவில்லை. திரையில் இன்னும் 'உள்ளே: 7' என்றே இருந்தது. உடல் சாமான் அறையில் இருந்தது. அழுதேன். அழுதுவிட்டு, இது யாருக்காவது தெரியுமா என்று யோசித்தேன். அந்த யோசனைதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.

விசாரணை டெல்லியில் நடந்தது. அந்த மேஜையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. குப்புராஜ் வீடியோவில் வந்தார். "சொல்லிட்டுத்தானுங்க போனான்" என்றார்.

"உங்களிடம் சொன்னாரா, வாசலிடமா?" என்று கேட்டார் தலைவர். நான் தமிழில் கேட்டேன்.

"எங்ககிட்டத்தானுங்க" என்றார் குப்புராஜ், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் மொழிபெயர்த்தேன்: "எங்களிடம் மட்டும்."

அடித்துச் சொல்வதற்கும் 'தான்' போடுவோம். அது எனக்குத் தெரியாதா? தெரிந்தே அந்தத் 'தானை' 'மட்டும்' ஆக்கினேன்.

பிறகு பதிவைப் போட்டார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஜெசிந்தா, கடைசியில் இவர் சொல்வதற்கு என்ன அர்த்தம்?"

"வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அர்த்தம், சார்."

"அதாவது வண்டியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார். சொல்லியிருக்கிறார். அப்புறம் மறுபடி சொல்லாமல் வெளியே போயிருக்கிறார்."

யாரும் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, எந்த அகராதியைப் புரட்டினாலும் என் பக்கம்தான் நிற்கும். அப்படியும் மூன்றாவது மாதம் திருச்செங்கோட்டுக்கு பஸ் ஏறி, டீ குடித்துவிட்டுத் திரும்பியது அப்போதுதான்.

எட்டாவது மாதம் வாசலை இன்னொரு மலையில் பொருத்தினார்கள். அங்கே வங்காளத் தொழிலாளர்கள். என் முறையைப் பார்த்தே ஒருவன் வங்காளப் பட்டியல் தயாரித்திருந்தான். சோதனை பார்க்க என்னை அனுப்பினார்கள். ரஃபிகுல் என்று ஒருவர், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து "ஆஷி" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். திரையில் எண் மாறவில்லை. உள்ளே பன்னிரண்டு. எச்சரிக்கையும் வரவில்லை. நான் நிறுத்திவைத்ததை எல்லாக் கருவிக்கும் வழக்கமாகவே ஆக்கிவிட்டிருந்தார்கள்.

அவர் திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஆஷின்னா என்ன?"

"வருகிறேன் என்று அர்த்தம், தீதி. போகிறேன் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அது நல்லதில்லை" என்று சிரித்தார்.

அங்கேயே கருவியின் மின்சாரத்தைப் பிடுங்கினேன். அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்பினேன், 'தான்' உட்பட. ஒரு வாரத்தில் என் கழுத்து அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மறுவிசாரணைக்குத் தேதி போட்டார்கள். இரண்டாவது தடவையாகத் திருச்செங்கோட்டுக்கு பஸ் ஏறினேன். இந்தத் தடவை டீ குடிக்கவில்லை.

பூங்கொடி தறிப்பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. யார் என்று சொன்னேன்.

"அந்தக் கதவு செஞ்சவங்களா? அவரு போன்ல சொல்லீருக்காருங்க. நல்ல அம்மணி, மொணங்கற சத்தத்தை நிறுத்திக் குடுத்தாங்கன்னு." உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"அவர் சொல்லாமல் போகலைங்க" என்றேன்.

"அது எனக்குத் தெரியுமுங்க." அவர் குரல் உயரவே இல்லை. "கல்யாணமாகிப் பதினோரு வருஷம். கோவிச்சுக்கிட்டுக் கெளம்புனாக்கூட வாசப்படியில நின்னு 'வர்றேன் புள்ள'ன்னு சொல்லாம எறங்க மாட்டாரு. குப்புராஜண்ணன் வந்து சொன்னாரு. ஆனா காயிதத்துல வேற எழுதீருக்குதுங்களே. சொந்தம், ஒறம்பற சனமெல்லாம், குடிச்சுப்போட்டுச் சொல்லாமக் கொள்ளாமப் போயிச் செத்தான்னு பேசுது. எம்புள்ள அதை ஸ்கூல்ல கேட்டுட்டு வந்து அழுகுது."

போனில் வைத்திருந்த பதிவைப் போட்டேன். 'சித்தெ இருங்க, வண்டிய ஓட்டிப் பாத்துட்டு வர்றனுங்.' அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். மறுபடி போடச் சொன்னார். போட்டேன்.

"சொல்லிட்டுத்தான போயிருக்காரு" என்றார். "இதுல என்னங்க தப்பு?"

நான் விளக்கினேன். வர்றேன் என்றதைக் கதவு எப்படி எடுத்துக்கொண்டது, எச்சரிக்கையை நான் ஏன் நிறுத்தினேன், டெல்லியில் என்ன சொன்னேன், எல்லாம். முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"அன்னைக்கே."

அவர் என் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். வெளியே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இப்ப அந்தக் கதவுக்கு என்ன சொல்லிக் குடுத்திருக்கறாங்க?"

"கதவையே எடுத்துட்டாங்க. தலையை எண்ண அங்மோ மேடம் மறுபடி வந்துட்டாங்க. இனிமே யாராவது செஞ்சா, வர்றேன்னு சொன்னா ஆள் வெளியே போறார்னு எழுதணும்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப உள்ள வந்துட்டா?"

"வந்துட்டேன்னு சொல்லுவாங்க. அதை வெச்சு எண்ணணும்."

"அதைத்தானுங்க நான் இன்னும் கேக்கல" என்றார்.

மறுவிசாரணையில் நேரில் வந்து சொல்வேன் என்றேன். தேதி எழுதிய காகிதத்தைக் கொடுத்தேன். அவர் வாங்கி, மகளின் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த முகத்தைப் பார்த்து அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். பழக்கம் விடவில்லை.

"அப்போ நான் போயிட்டு வா..."

"அதைச் சொல்லாதீங்க அம்மணி." பூங்கொடி வாசப்படியில் நின்றிருந்தார். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "உங்க வாயில அந்தப் பேச்சு வேண்டாம்."

முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு வீட்டுக்கு வெளியே நின்று, "நான் போறேன்" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.